ஒளிகசியும் உருவங்கள்: படிமங்களை மேற்பொருத்தும் கலையும் மலையகத் தேயிலைத் தோட்டங்களும்

ஒரு காட்சியின் மீது மற்றொரு காட்சியை மெல்லிய திரை போலப் படியச்செய்து, மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒருங்கே புலப்படுமாறு அமைப்பது இன்று கணினி வைத்திருக்கும் எவருக்கும் எளிதாகக் கைவரும் செயலாகும். தொகுப்பு மென்பொருளில் ஓர் அளவுகோலைச் சிறிது நகர்த்தினால், திண்மையாகத் தோன்றிய ஒளிப்படத் துணுக்கு கண்ணாடி போன்று ஒளிகசியும் தன்மையைப் பெற்றுவிடுகின்றது. எளிய இச்செயலுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு, குறிப்பாக நுவரெலியா, அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை முதலிய தோட்டப் பகுதிகளோடு தொடர்புற்றுக் கிடக்கின்றன என்பது பலரும் கருத்திற் கொள்ளாத உண்மையாகும். இக்கலையின் வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்கி, அது மலையக மக்களை எவ்வாறு காட்டிற்று, எவ்வாறு மறைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

பொருள்கள் ஒளியை ஏற்கும் முறையைக் கொண்டு அவற்றை மூவகைப்படுத்துவர் அறிவியலார். தெளிந்த கண்ணாடி ஒளியை முற்றாக ஊடுசெல்ல விடுகின்றது. கற்சுவர் ஒளியை முற்றாகத் தடுக்கின்றது. எண்ணெய் தோய்ந்த தாள், உறைபனி படிந்த யன்னல், மலைச்சரிவில் இறங்கும் மூடுபனி ஆகியன இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. அவை ஒளிகசியும் பொருள்கள். நுவரெலியாவின் காலை வேளையிற் கொழுந்து கொய்யும் பெண்களின் நிரை மூடுபனிக்கு அப்பால் அரைகுறையாகத் தெரிவதுண்டு. பனியும் தெரிகின்றது, பெண்களும் தெரிகின்றனர். பனி அடர்ந்தால் பெண்கள் மறைவர். பனி விலகினால் பெண்கள் தெளிவர். மேற்பொருத்தற் கலையின் அடிப்படைத் தத்துவம் முழுவதும் இவ்வியற்கைக் காட்சியில் அடங்கியுள்ளது எனலாம். இரண்டு காட்சிகள் ஒரே சட்டகத்துள் இடங்கொள்ளும்போது, எதற்கு எவ்வளவு இடம் என்பதே கேள்வி. அக்கேள்விக்குக் காலந்தோறும் கலைஞரும் கைவினைஞரும் பொறியியலாளரும் வெவ்வேறு விடைகளைக் கண்டனர்.

கண்ணாடித் தகட்டின் காலம்

நிழற்படக் கலையின் தொடக்க காலத்திலேயே ஒளிகசியும் உருவம் தற்செயலாகத் தோன்றிவிட்டது. அக்காலத் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. எனவே கமராவின் முன் நெடுநேரம் அசையாது நின்றவரே திண்மையான உருவம் பெற்றனர். நடந்தவரும் வேலை செய்தவரும் புகைபோல மங்கினர். அல்லது முற்றாக மறைந்தனர். 1838 இல் டாகேர் பாரிஸ் நகரின் பெருந்தெரு ஒன்றைப் படமாக்கியபோது, அத்தெருவிற் சென்ற வண்டிகளும் மாந்தரும் மறைந்துபோக, காலணி துடைப்பித்துக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது. ஓய்ந்து நிற்பவன் உருவம் பெறுகின்றான். உழைத்து அசைபவன் உருவம் இழக்கின்றான். தொழில்நுட்பத்தின் குறைபாடாகத் தோன்றிய இந்நிலை, பின்னர் தோட்டங்களின் படிமங்களுக்கும் ஒருவாறு பொருந்தி வந்தமை கவனிக்கத்தக்கது.

1857 இல் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றெய்லாண்டர் என்பார் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை ஒன்றிணைத்து ஒரே படமாக அச்சிட்டார். தனித்தனியாக எடுக்கப்பட்ட மனிதர்கள் ஒரே மண்டபத்தில் ஒருங்கே நிற்பதாகத் தோன்றச்செய்த அம்முயற்சி பெரும் பாராட்டையும் கடுங் கண்டனத்தையும் ஒருசேரப் பெற்றது. 1862 இல் இலண்டன் றோயல் பொலிரெக்னிக் நிறுவனத்தில் ஜோன் ஹென்றி பெப்பர் அரங்கேற்றிய ஆவிக்காட்சியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மேடைக்கு முன்னாற் சாய்வாக நிறுத்திய பெருங் கண்ணாடியில், அவையோர் கண்ணிற்படாத இடத்தில் ஒளியூட்டப்பெற்று நின்ற நடிகரின் விம்பம் விழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற நடிகரும், அதில் விழுந்த விம்பமும் ஒருங்கே தோன்றியமையால், மேடையில் ஆவி நடமாடுவதாக மக்கள் வியந்தனர். மறைவிடத்து விளக்கைக் கூட்டினால் ஆவி திண்மை பெறும். குறைத்தால் கரைந்து மறையும். இன்றைய மென்பொருளின் அளவுகோல் செய்யும் வேலையை அன்று விளக்கின் திரி செய்தது.

இக்காலத்தின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் அம்மையாரின் வாழ்வு மலையகத்தில் முடிவுற்றது. 1815 இற் பிறந்த இவர், தமது 48 ஆம் வயதிற் கமராவைப் பரிசாகப் பெற்று நிழற்படத் துறையிற் புகுந்தவர். இவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், 1833 இல் இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக்-கமரூன் சீர்திருத்தங்களுக்குப் பெயர் கொடுத்தவருள் ஒருவர். இலங்கையிற் காணிகளையும் கோப்பித் தோட்டங்களையும் உடைமையாகக் கொண்டிருந்த இக்குடும்பம் 1875 இல் இங்கு வந்து குடியேறியது. அம்மையார் களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 இல் டிக்கோயாவைச் சார்ந்த கிளென்கெயின் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது.

கமரூன் அம்மையார் இங்கிலாந்திற் படமெடுத்தவருட் பெரும் புலவரும் அறிவியலாரும் இருந்தனர். அவருடைய பணிப்பெண்களும் இருந்தனர். அப்பணிப்பெண்களுள் மேரி ஹிலியர் போன்றோரின் பெயர்கள் கலை வரலாற்றில் நிலைத்துவிட்டன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் தோன்றும் தமிழ்த் தொழிலாளரும் ஊர்மக்களும் கம்பீரமான தோற்றத்துடன் காட்சி தருகின்றனர். ஆயினும் அவருட் பெரும்பாலோரின் பெயர்கள் படங்களோடு பதியப்படவில்லை. ஈரம் உலருமுன் ஒளிபடச்செய்து உருத்துலக்க வேண்டிய கண்ணாடித் தகட்டின் முன், நெடுநேரம் அசையாது நின்று தம் உருவைக் கொடுத்தவர்கள் தம் பெயரைக் கொடுக்குமாறு கேட்கப்படவில்லை. உருவம் திண்மையாயிற்று, பெயர் ஒளிகசிந்து மறைந்தது.

இருமுறை ஒளிபடல்

அசையும் படம் தோன்றிய சில ஆண்டுகளுள்ளேயே மேற்பொருத்தல் திரைக்கு வந்தது. 1898 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் அல்பேட் சிமித், பிரான்சில் ஜோர்ஜ் மெலியே ஆகிய இருவரும் ஒரே படச்சுருளை இருமுறை ஒளிபடச்செய்யும் உத்தியைக் கையாண்டனர். முதற் காட்சியைப் பதிவு செய்தபின் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில் இரண்டாவது காட்சியைப் பதிவு செய்வது இம்முறையாகும். ஒளி ஒளியோடு சேரும். இருளோ எதனையும் சேர்ப்பதில்லை. ஆகையால் இரண்டாவது உருவத்தைக் கறுப்புத் துணியின் முன் நிறுத்திப் படமெடுத்தனர். கறுப்புத் துணி படச்சுருளைத் தீண்டாது விட, வெளிச்சம் பட்ட உருவம் மட்டும் முதற் காட்சியின் மேல் ஆவிபோலப் படிந்தது. இம்முறையில் வெளிறிய உருவமே மேலோங்கும் என்பதும், கருமையான உருவம் பின்னணியுட் கரைந்துவிடும் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

ஒரு காட்சி மங்கி மறைய, அதனூடே மற்றொரு காட்சி மலர்வதாகிய கரைமாற்றமும் இவ்வாறே செய்யப்பட்டது. கமராவின் மூடியைச் சிறிது சிறிதாக அடைத்து முதற் காட்சியை இருளச்செய்து, எத்தனை சட்டங்கள் கடந்தன என்பதை எண்ணிக் குறித்துக்கொண்டு, அத்தனை சட்டங்களும் பின்செல்லுமாறு சுருளைச் சுற்றி, மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து இரண்டாவது காட்சியை எடுத்தனர். பேசும்படக் காலத்தில் விநாடிக்கு 24 சட்டங்கள் என்னும் கணக்கு நிலைபெற்றபின், இரண்டு விநாடிக் கரைமாற்றத்திற்கு 48 சட்டங்கள் தேவைப்பட்டன. எண்ணிக்கை தவறினால் இரு காட்சிகளும் பாழாகும். இந்நிலையை மாற்றியது, படச்சுருள்களை ஆய்வுகூடத்தில் மீளப் படம்பிடிக்கும் ஒளியியல் அச்சுப்பொறியாகும். படப்பிடிப்பின்போது செய்யவேண்டியிருந்த துணிகரச் செயல், படப்பிடிப்பின் பின் ஆறுதலாகச் செய்யத்தக்க வேலையாயிற்று.

இந்தியாவில் இவ்வித்தையை மக்களிடையே பரப்பியவர் தாதாசாகெப் பால்கே ஆவார். 1913 இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை அளித்த பால்கே, 1917 இல் வெளியான ‘லங்கா தகனம்’ என்ற படத்தில் சாளுங்கே என்ற ஒரே நடிகரை இராமனாகவும் சீதையாகவும் தோன்றச்செய்தார். புராணக் கதைகளில் வரும் தேவரின் தோற்றமும் மறைவும் இருமுறை ஒளிபடலுக்கு ஏற்ற களமாயின. மேனாட்டில் ஆவியைக் காட்டப் பயன்பட்ட உத்தி, இந்திய மண்ணிற் கடவுளைக் காட்டப் பயன்பட்டது.

தேயிலைச் சபையும் ‘சிலோனின் பாடல்’ படமும்

இலங்கைத் தேயிலைக்கு உலகச் சந்தையில் விளம்பரம் தேடுவதற்காக 1932 இல் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. 1930 களின் பொருளாதார மந்தத்தில் தேயிலையின் விலை வீழ்ந்திருந்த காலம் அது. அச்சபையின் சார்பில் 1934 இல் உருவான விவரணப் படமே ‘சிலோனின் பாடல்’ எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட புகழ்பெற்ற படமாகும். பசில் றைட் இயக்க, ஜோன் கிறியர்சன் தயாரித்தார். 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்சின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட வாசகங்களை இலங்கைக் கலைஞரான லயனல் வெண்ட் உரைத்தார். 1935 இல் பிரசல்ஸ் நகரில் நடந்த சர்வதேசப் படவிழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது.

இப்படத்தின் தனிச்சிறப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையாகும். தொடக்கத்திலேயே ஓலைகளினூடே செல்லும் காட்சிகள் ஒன்றுட் கரைந்து ஒன்றாக மலர்கின்றன. ‘வாணிபத்தின் குரல்கள்’ எனப்படும் மூன்றாம் பகுதியில் இம்முறை படத்தை விட்டு ஒலிக்குத் தாவுகின்றது. திரையில் இலங்கை மக்களின் உழைப்பு தோன்ற, அதன்மேற் சந்தை விலைகளையும் கப்பற் செய்திகளையும் கூறும் ஆங்கிலக் குரல்கள் ஒன்றோடொன்று பின்னி ஒலிக்கின்றன. கண் காண்பது உழைப்பு. காது கேட்பது விலை. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியமையால், தேயிலைச் சபையின் பணத்தில் எடுக்கப்பட்ட படமே தேயிலை வாணிபத்தைப் பற்றிய விமரிசனமாகவும் வாசிக்கப்படும் நிலை உண்டாயிற்று.

எனினும் இப்படத்திற்கு ஒரு குறையும் உண்டு. தேயிலைக்காக எடுக்கப்பட்ட இப்படம் தன் பெரும்பகுதியைப் பௌத்த யாத்திரைக்கும் சிங்களக் கிராம வாழ்க்கைக்கும் பொலன்னறுவைச் சிலைகளுக்குமே அளித்துள்ளது. தேயிலையை உண்டாக்கிய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் மொழியும் லயத்து வாழ்க்கையும் அதில் தமக்குரிய இடத்தைப் பெறவில்லை. கீழடுக்கில் அவர்கள் இருக்கின்றனர். மேலடுக்குகளின் அழகே கண்ணை நிறைக்கின்றது. கலைத்திறன் மிக்க மேற்பொருத்தலும் ஒரு சமூகத்தை மங்கச்செய்யலாம் என்பதற்கு இப்படம் சான்றாகும்.

இப்படத்திற்குக் குரல் கொடுத்த லயனல் வெண்ட் தாமே இத்துறையிற் சோதனைகள் செய்தவர். எதிர்ப்படங்களை இணைத்து அச்சிடுதல், உருத்துலக்கும்போது மீண்டும் ஒளிபடச்செய்து விளிம்புகளைத் தலைகீழாக்குதல் முதலிய உத்திகளை அவர் கொழும்பில் இருந்தபடியே கையாண்டார். 1944 இல் அவர் இறக்கும்போது, இலங்கை நிழற்படக்கலை மேனாட்டுச் சோதனைகளுக்கு ஈடான நிலையை எய்தியிருந்தது எனலாம்.

ஒளிகசியும் திரையும் ‘யானை நடை’யும்

தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட ஹொலிவூட் படங்களுள் முதன்மையானது 1954 இல் பரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘யானை நடை’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் படமாகும். யானைகளின் வழித்தடத்தை மறித்துத் துரையின் பங்களா கட்டப்பட்டதையும், இறுதியில் யானைகள் அப்பங்களாவை அழித்து வழி மீட்டதையும் கூறும் கதை அது. 1953 இல் இலங்கையிற் படப்பிடிப்புத் தொடங்கியபோது கதாநாயகியாக நடித்தவர் விவியன் லீ. அவர் நோயுற்று விலகவே, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை நிரப்பினார். டெய்லர் நடித்த காட்சிகள் ஹொலிவூட்டில் எடுக்கப்பட்டன. இலங்கையில் எடுக்கப்பட்டவற்றுள் லீ தொலைவில் தோன்றும் காட்சிகள் சில படத்தில் அவ்வாறே எஞ்சின. இலங்கை நிலக்காட்சியில் நடப்பவர் ஒருவர். அருகில் முகங்காட்டிப் பேசுபவர் மற்றொருவர். பார்ப்போருக்கோ இருவரும் ஒருவரே.

கலைக்கூடத்துக்குள் வெளிநிலத்தைக் கொண்டுவருவதற்கு அக்காலத்தில் வழக்கிலிருந்த முறை பின்னெறிகையாகும். நடிகருக்குப் பின்னால் ஒளிகசியும் பெருந்திரை ஒன்றைக் கட்டி, அதன் மறுபுறத்திலிருந்து வெளிநிலப் படத்தை வீழ்த்தி, இரண்டையும் ஒருங்கே கமராவிற் பதிவு செய்வர். நடிகர் திண்மையுடன் முன்னிற்பர். தொலைநாட்டு நிலமும் மாந்தரும் திரையிற் கசியும் ஒளியாகப் பின்னிற்பர். தோட்டங்களைப் பற்றிய காலனித்துவக் கற்பனை முழுவதற்கும் இதனை உவமையாகக் கூறலாம். துரையும் துரைசாணியும் முன்னணி. தொழிலாளரோ பின்னணியில் அசையும் திரள்.

திரையின் பின்னணியில் இருந்த அதே மக்கள் சட்டத்தின் முன்னிலையிலும் அக்காலத்தில் மங்கலாக்கப்பட்டனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் எதிர்காலத்தை எண்களாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனக் கூறப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974 இற் பின்னர் முடிவு செய்யப்பட்டது. இங்கும் இருந்து, எங்கும் உரிமையில்லாது வாழ்ந்த அம்மக்களின் நிலையை ஒளிகசியும் நிலை என்று கூறுதல் வெறும் அணியன்று. அது அவர்கள் பட்ட துன்பத்தின் துல்லியமான பெயராகும்.

தமிழ்த் திரையும் தோட்டமும்

இக்காலத்தில் மலையக மக்கள் கண்டு மகிழ்ந்தது பெரும்பாலும் தமிழகத் திரைப்படங்களையே. கண்டியிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனை அவர்கள் தம்முள் ஒருவராகவே போற்றினர். தமிழ்ப்படங்களில் இரட்டை வேடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1940 இல் மொடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தம புத்திரன்’ படத்திற் பி. யு. சின்னப்பா இரு வேடங்களிற் தோன்றினார். 1958 இல் வெளியான ‘நாடோடி மன்னன்’ படத்தில் எம். ஜி. ஆர். மன்னனாகவும் நாடோடியாகவும் நடித்தார்.

இரட்டை வேடத்தையும் ஒளிகசியும் உருவத்தையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். இரட்டை வேடத்திற் கமராவின் கண்ணில் ஒரு பாதியை மறைத்து மறுபாதியை மட்டும் ஒளிபடச்செய்து, பின்னர் மறைத்த பாதியைத் திறந்து படமெடுப்பர். இரு உருவங்களும் திண்மையுடையன. ஒன்றன்மீது ஒன்று படிவதில்லை. கதாபாத்திரத்தின் உடலிலிருந்து மனச்சாட்சி எழுந்து நின்று அவனையே இடித்துரைக்கும் காட்சி தமிழ்ப்பட இரசிகர் அனைவருக்கும் பழக்கமானது. அதுவே ஒளிகசியும் உருவத்தின் தமிழ்வடிவம் எனலாம். உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதற்கும், இறந்தவரை வாழ்வோர் நடுவே நிறுத்துவதற்கும், கடந்ததை நிகழ்வதன்மேற் படியச்செய்வதற்கும் இவ்வுத்தி பயன்பட்டது.

இலங்கைத் தமிழ்த் திரையுலகும் தோட்டத்தைப் புறக்கணிக்கவில்லை. 1963 இல் வெளியான ‘தோட்டக்காரி’, இலங்கைத் தமிழ்ப்படங்களின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாகும். தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975 இல் வெளியானது. ஹொலிவூட்டின் ஒளிகசியும் திரையிற் பின்னணியாக இருந்தவர்கள், தம் மொழியிற் பேசும் கதைமாந்தராக முன்னணிக்கு வந்தமையே இம்முயற்சிகளின் வரலாற்று முக்கியத்துவமாகும்.

மலையுச்சிக் கோபுரமும் ஒளிநாடாவும்

1979 இல் இலங்கையிற் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாகியது. 1982 பெப்ரவரி 15 இல் தேசியத் தொலைக்காட்சியான ரூபவாகினி தொடங்கப்பட்டது. அதன் ஒலி ஒளி அலைகளை நாடெங்கும் செலுத்தும் பிரதான நிலையம் நுவரெலியா நகருக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையின் உச்சியில் அமைந்தது. நாடு முழுவதற்கும் படிமங்களை அனுப்பும் கோபுரம் கொழுந்து கொய்வோரின் தலைக்கு மேலேயே நின்றது. அப்படிமங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ சிறிதாகவே இருந்தது.

எண்பதுகளிற் பரவிய ஒளிநாடாக் கருவி இந்நிலையை வேறொரு வழியால் மாற்றிற்று. தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’ எனப்பட்ட கருவியையும் வாடகைக்கு எடுத்து, லயத்தவர் பலர் கூடியிருந்து படம் பார்ப்பது தோட்டங்களில் வழக்கமாயிற்று. திருமணத்தையும் பூப்புனித நீராட்டையும் திருவிழாவையும் ஒளிநாடாவிற் பதிவு செய்யும் வழக்கம் அதனைத் தொடர்ந்தது. ஈரொளிக் குறிப்பலைகளைக் கலக்கும் கலவைக் கருவி கைக்கு வந்தபின், மணமக்களின் முகம் மலர்க்கொத்தின் நடுவே கசிந்து தோன்றவும், குலதெய்வத்தின் படம் பந்தலின்மேற் படிந்து மறையவும் செய்தனர். கலை விமரிசகர் இவற்றை மலினமான அலங்காரம் என ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. மறைந்த தந்தையின் நிழற்படம், மகளின் திருமணக் காட்சியின்மேற் சில விநாடிகள் ஒளிகசிந்து நிற்கும்போது, அங்கு நிகழ்வது அலங்காரம் மட்டுமன்று. பல குடும்பங்களில் அந்நிழற்படம் குடியுரிமை விண்ணப்பத்திற்காகவோ கடவுச்சீட்டுக்காகவோ எடுக்கப்பட்டதாகவும் இருந்தது. அரசு ஓர் எண்ணோடு கோவையில் இட்ட முகத்தை, குடும்பம் உறவோடு பந்தலில் நிறுத்திற்று.

எண்ணாக மாறிய ஒளிகசிவு

மேற்பொருத்தற் கலையின் இறுதிப் பெருமாற்றம் கணினியால் விளைந்தது. 1977 இல் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய எட் கற்மல், அல்வி றே சிமித் ஆகிய இருவரும் படிமத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிற அளவுகளோடு நான்காவதாக ஓர் அளவையும் சேர்த்தனர். அப்புள்ளி எவ்வளவு ஒளிபுகாத் தன்மை உடையது என்பதை அவ்வளவு கூறும். அதற்கு அவர்கள் கிரேக்க எழுத்தான அல்பாவைப் பெயராக இட்டனர். 1984 இல் தோமஸ் போர்ட்டர், ரொம் டப் ஆகிய இருவரும் இவ்வளவைக் கொண்டு படிமங்களை இணைக்கும் விதிகளை முறைப்படுத்தி வெளியிட்டனர்.

இவ்விதிகளின் அடிப்படை மிக எளியது. மேற்படிமத்தின் அளவை அல்பாவாற் பெருக்க வேண்டும். கீழ்ப்படிமத்தின் அளவை ஒன்றிலிருந்து அல்பாவைக் கழித்து வந்த தொகையாற் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டும். ஓரிடத்தில் மேற்படிமத்தின் ஒளியளவு 200, கீழ்ப்படிமத்தின் ஒளியளவு 100 எனக் கொள்வோம். அல்பா அரையாக இருப்பின் விடை 150. அல்பா காலாக இருப்பின் விடை 125. அல்பா ஒன்றாயின் மேற்படிமம் மட்டுமே தெரியும். பூச்சியமாயின் கீழ்ப்படிமம் மட்டுமே தெரியும். பழைய இருமுறை ஒளிபடலில் ஒளி ஒளியோடு கூடியது; யாருக்கும் குறைவில்லை. புதிய முறையில் ஒன்றிற்குக் கொடுக்கப்படுவது மற்றொன்றிலிருந்து எடுக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது.

1991 இல் அடோபி பிரீமியர் போன்ற மென்பொருள்கள் வெளிவந்தபின் இக்கணக்கு சாதாரண மேசைக் கணினிக்கு வந்தது. செய்முறையும் சுருங்கியது. பின்னணியாக வேண்டிய துணுக்கைக் கீழ்த்தடத்திலும், ஒளிகசிய வேண்டிய துணுக்கை அதற்கு மேலுள்ள தடத்திலும் ஒரே நேரத்துக்கு நேராக வைத்தல் வேண்டும். மேற்றுணுக்கைத் தெரிந்து, அதன் ஒளிபுகாமை அளவை நூறு சதவீதத்திலிருந்து குறைத்தல் வேண்டும். படிப்படியாகத் தோன்றி மறைய வேண்டுமாயின், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் வெவ்வேறு அளவுகளைக் குறித்தால், இடைப்பட்ட சட்டங்களுக்குரிய அளவுகளை மென்பொருளே கணித்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் எடுத்த புகையையோ சுடரையோ மேற்பொருத்துவதாயின், அளவைக் குறைப்பதைவிட, ஒளியோடு ஒளியைச் சேர்க்கும் கலப்பு முறையைத் தெரிதலே ஏற்றது. அது மெலியேயின் கறுப்புத் துணி உத்தியின் கணினி வடிவமாகும். இன்று இவ்வேலை முழுவதையும் கைத்தொலைபேசியிலேயே அட்டன் நகரத்து இளைஞர் ஒருவர் செய்துவிட முடிகின்றது.

இன்றைய பொறுப்பு

1823 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டின் யூலை, ஓகஸ்ட் மாதங்களில், முன்னோர் கால்நடையாக வந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்றும் மேற்கொள்ளப்பட்டது. நடந்தோரின் காலடியின் கீழே முன்னோரின் காலடி கிடந்தது. இன்றைய வழியின்மேல் அன்றைய வழியை மேற்பொருத்திய செயலாகவே அந்நடைபயணத்தைக் கருதலாம்.

பழைய நிழற்படங்களை இன்றைய காட்சிகளின்மேற் படியச்செய்து தம் வரலாற்றைத் தாமே கூறுவதற்கான கருவி இப்போது மலையக இளைஞரின் கையில் உள்ளது. அக்கருவியோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகின்றது. முதலாவதாக, எவ்வடுக்கு எந்த ஆண்டுக்கும் எந்த இடத்துக்கும் உரியது என்பது பார்ப்போருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும். டிக்கோயாவின் படத்தைப் பூண்டுலோயாவின்மேற் பொருத்தி இரண்டும் ஒன்றே எனக் காட்டின், விவியன் லீயும் எலிசபெத் டெய்லரும் ஒருவரே என நம்பவைத்த அதே மயக்கம் வரலாற்றிலும் புகுந்துவிடும். இரண்டாவதாக, உருவத்தோடு பெயரையும் காத்தல் வேண்டும். குடும்பப் பெட்டியிற் கிடக்கும் நிழற்படத்தின் பின்புறத்தில் இன்று முதியோர் சொல்லும் பெயரை எழுதிவைக்காவிடின், நாளை எம்மென்பொருளாலும் அதனை மீட்க இயலாது. மூன்றாவதாக, தேயிலை விளம்பரங்களிற் கொழுந்து கொய்யும் பெண்ணின் உருவம் பொதியின் அழகுக்காக அரைவாசி மங்கலாக்கப்பட்டுப் பின்னணியாக வைக்கப்படும்போது, அவளுடைய அல்பாவை நிர்ணயித்தவர் யார் என்று கேட்கும் தெளிவு வளர்தல் வேண்டும்.

கண்ணாடித் தகட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை மேற்பொருத்தற் கலை கடந்துவந்த பாதையில், படிமத்தின் முன்னே எவர், பின்னே எவர் என்னும் வினா ஒருபோதும் நீங்கியதில்லை. கமரூன் அம்மையாரின் தகட்டில் உருவமிருந்தும் பெயரின்றியும், தேயிலைச் சபையின் படத்தில் மற்றை அடுக்குகளின் கீழேயும், ஹொலிவூட்டின் திரையிற் பின்னணியாகவும் இருந்த மக்கள், தம் ஒளிபுகாமையின் அளவைத் தாமே குறிக்கும் காலம் வந்துள்ளது. அவ்வளவை முழுமையாக உயர்த்துவது மென்பொருளில் விரலசைவு ஒன்றே. சமூகத்தில் அதனை உயர்த்துவதற்கு நிலமும் வீடும் கல்வியும் நியாயமான ஊதியமும் வேண்டும். படிமத்தில் முன்னணிக்கு வந்த மக்கள் வாழ்விலும் முன்னணிக்கு வருதலே அக்கலை மலையகத்துக்கு அளிக்கவல்ல உண்மையான பயனாகும் என்பதில் ஐயமில்லை.